ப்ரெய்ரி டாக் பிடிக்க நான் நிரப்பிய ஃபார்ம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ப்ரெய்ரி டாக் என்பது நாய் கிடையாது. ஒரு அணிலை ஊதிப் பெருச்சாளி சைஸுக்குக் கொண்டுவந்து, வாலைப் பாதியில் நறுக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். ஆள் வந்தால் ஒன்று மட்டும் பின்னங்காலில் நின்று கீச்சென்று கத்தும், மற்றதெல்லாம் உள்ளே ஓடிவிடும். 2002 கோடையில், மேற்கு டெக்ஸாஸில் ஒரு சின்ன ஊரில், கம்ப்யூட்டர் சயின்ஸில் மாஸ்டர்ஸ் முடித்த நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாட்காம் காற்று இறங்கிய நேரம் அது. என்னை எச்-1 விசாவில் எடுத்த கம்பெனி என்பது உண்மையில் ஒரு அங்கிள், ஒரு ஃபேக்ஸ் மெஷின், ஒரு கெஸ்ட் ஹவுஸ். ப்ராஜெக்ட் கிடைத்தால் அனுப்புவார். கிடைக்கிறவரை பெஞ்ச், அதாவது சும்மா உட்கார். கெஸ்ட் ஹவுஸில் என்னோடு இருந்த மூன்று பேரும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மிஞ்சியது நானும் ஒரு ரைஸ் குக்கரும். கார் இல்லை. மளிகைக் கடைக்கு ஹைவே ஓரமாக நடந்து போனால் போலீஸ் வண்டி பக்கத்தில் வந்து நிற்கும், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அன்பாகக் கேட்கும். சரியாக இல்லாதவன் மட்டும்தான் அந்த ஊரில் நடப்பான்.

நடுவில் நியூ ஜெர்ஸியில் ஒரு கம்பெனி ஃபோனிலேயே இன்டர்வியூ வைத்து என்னை எடுத்துவிட்டது. மாறுவதற்கு அவர்கள் கேட்டது ஒரே ஒரு தாள். இன்ன ஆள் இன்ன கம்பெனியில் ப்ரோகிராமராக வேலை செய்யலாம் என்று அரசாங்கம் கொடுத்த அப்ரூவல். அது அங்கிளுடைய மேஜை டிராயரில், பூட்டுக்குள் இருந்தது. ஜூலை முடிவதற்குள் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மெயில் வந்தது.

போய்க் கேட்டேன். அங்கிள் கத்தவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, ஐடி செத்துப்போச்சு. ஆனா வண்டி ஓடுற வரைக்கும் பெட்ரோல் ஓடும். ஹைவே பக்கத்துல நம்ம அஞ்சு ஏக்கர்ல பங்க் வைக்கப்போறேன். அங்க வளை தோண்டி வெச்சிருக்கிற எலிங்க காலி பண்ணட்டும், நீயும் காலி பண்ணிட்டுப் போ. யாரு வேணாம்னா?"

"அங்கிள், நான் ஜாவா ப்ரோகிராமர்."

"அதான்பா, மூளை இருக்குல்ல. ரூல்ஸ் என்னன்னு பாரு."

இருப்பதிலேயே கொடுமை, அவர் கெட்டவரும் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போவார், திரும்பி வரும்போது எனக்கென்று ஹலால் கோழி வாங்கி வருவார். ஆனால் டிராயர் சாவி மட்டும் கார் சாவிக்கொத்திலேயே தொங்கும்.

அந்த ஊர் எல்லைக்குள் விஷம் வைக்கக் கூடாது. பிடித்து வேறு இடத்தில் விடலாம், ஆனால் அதற்கு பர்மிட் வேண்டும். கவர்ன்மென்ட் ஆபீஸில் ஒரு வெள்ளைக்கார அம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவர், ரூல்ஸ் தாளைக் கொடுத்தார். குட்டி போடுகிற வசந்த காலத்தில் தொடக் கூடாது, ஜூன் பாதிக்கு மேல்தான். கொண்டுபோய் விடுகிற நிலத்துக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவரைச் சுற்றி வேலி போட்டிருக்கிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிடித்ததும் தெள்ளுப்பூச்சிக்கு பவுடர் அடிக்க வேண்டும். ஒரு குடும்பத்தைப் பிரிக்காமல் சேர்த்து விட வேண்டும்.

அன்றைக்கு அங்கிள் வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவர் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுங்களை இடம் மாத்த இத்தனை பேர் சம்மதிக்கணுமா? என்னை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தப்ப ஒருத்தரும் கேக்கலையே."

"ஆரம்பிச்சுட்டா," என்றார் அங்கிள்.

"ஏன், நான் ஆரம்பிக்கக் கூடாதா? குடும்பத்தைப் பிரிக்கக் கூடாதுன்னு கூட போட்டிருக்கானே, படிச்சுப் பாருங்க." ஆன்ட்டி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

நாற்பது மைல் தள்ளி ஒரு பண்ணைக்காரப் பாட்டி, இதுகளைத் தின்னத் தன் நிலத்துக்குக் கழுகு வரும் என்ற ஆசையில், சரி என்றார். அங்கிளின் பழைய வேனில் போய் அவரைச் சுற்றியிருந்த நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். மூன்று பேர் சிரித்துக்கொண்டே போட்டார்கள். நாலாவது ஆள், என் மாடு வளையில் காலை விட்டு ஒடித்துக்கொண்டால் நீ வந்து தூக்குவாயா என்று கேட்டார். தூக்குகிறேன் என்றேன். மாட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், போட்டுவிட்டார்.

அப்புறம் கூண்டு. வாங்கினதும் வைத்துப் பிடிக்க முடியாது. கதவைத் திறந்து கட்டி வைத்து, உள்ளே ஓட்ஸ் போட்டு, ஒரு வாரம் சும்மா விட வேண்டும். வரும், தின்னும், போகும். ஒன்றும் ஆகவில்லை என்று அதுக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். டீ, ஹலால் கோழி, ஃப்ரீ ரூம். நான் இதைப் பற்றி ரொம்ப யோசிக்க விரும்பவில்லை.

எட்டாவது நாள் விடிகாலையில் கட்டை அவிழ்த்துவிட்டு பர்மிட் ஃபார்ம் கொடுக்கப் போனேன். பத்து நிமிஷ வேலை, வாங்கிக்கொண்டு வந்தால் கூண்டு நிறைந்திருக்கும் என்று கணக்கு.

இங்கேதான் சொதப்பினேன். விசாவில் வந்தவனுக்கு ஃபார்ம் என்றால் ஒரு பயம் கலந்த பக்தி உண்டு. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்புவான், பொய் எழுதினால் ஊருக்கே அனுப்புவான். அதனால் எல்லாக் கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பினேன். பிடிப்பவர் பெயர், என் பெயர். வேலை, ப்ரோகிராமர் அனலிஸ்ட். நிலத்துக்காரருக்கு என்ன உறவு, அவர் என் எம்ப்ளாயர். எதற்காகப் பிடிக்கிறீர்கள், எம்ப்ளாயர் கொடுத்த வேலை. கீழே கையெழுத்து, தேதி. அந்த அம்மா 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்திவிட்டுத்தான் படித்தார்.

"ப்ரோகிராமரா? இதுகளுக்கா ப்ரோகிராம் எழுதுகிறாய்?" அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "தம்பி, நிலத்துக்காரர் அவராகவே பிடிக்கலாம். யாராவது அவருக்கு சும்மா உதவலாம். வேலைக்கு வைத்த ஆள் என்றால் லைசென்ஸ் வேண்டும். நீ வேலைக்கு வைத்த ஆளா, சும்மா உதவுகிற ஆளா?"

வாயைத் திறந்தேன். வேலைக்கு வைத்த ஆள் என்றால் லைசென்ஸ் மட்டும் பிரச்சினை இல்லை, விசாவில் ப்ரோகிராமர் என்று வந்தவன் எலி பிடிக்கிறான் என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்தாயிற்று. சும்மா உதவுகிறேன் என்றாலோ, அப்புறம் நான் எந்த வேலையில் இருக்கிறேன்? வேலையில் இல்லாதவனுக்கு இந்த நாட்டில் என்ன வேலை?

"அந்த ஃபார்மைத் திருப்பித் தருவீர்களா?"

"முத்திரை குத்தியாகிவிட்டதே. புதுசாக ஒன்று கொடு, மேலே வைக்கிறேன். இது அடியில் இருக்கும்." நல்ல மனுஷி. புது ஃபார்மோடு ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

நிலத்துக்குத் திரும்பினால் நாலு கூண்டில் நாலு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கிள் தொப்பியைத் தூக்கி விசிறிக்கொண்டு, லாட்டரி அடித்தவர் மாதிரி நின்றிருந்தார்.

"பாத்தியா? முதல் நாளே நாலு! பர்மிட் எங்க?"

சொன்னேன். ஒவ்வொரு கட்டமாகச் சொன்னேன். எம்ப்ளாயர் என்ற இடம் வந்ததும் தொப்பி நின்றது.

"என் பேரையா எழுதின?"

"கேட்டிருந்தாங்க அங்கிள்."

"கேட்டா எழுதிடுவியா? டேய், ஃபார்ம்ல உண்மையையா எழுதுவாங்க? இன்னும் ஒம்போது பேருக்கு விசா பேப்பர் போட்டு வெச்சிருக்கேன்டா! எவனாவது இதை எடுத்துப் பாத்தான்னா?"

"திருப்பிக் கேட்டேன், தரமாட்டாங்களாம். நிலத்துக்காரரே பிடிக்கிறதா நீங்க வந்து புதுசா ஒண்ணு கையெழுத்துப் போடணும். அப்ப நீங்கதான் பிடிக்கணும்."

"நானா?" தன் தொப்பையைப் பார்த்தார். அப்புறம் கூண்டைப் பார்த்தார். முதல் முறையாக எனக்கு அவர் முகம் தெரிந்த முகமாக இருந்தது. கெஸ்ட் ஹவுஸ் பாத்ரூம் கண்ணாடியில் தினம் காலையில் பார்க்கிற முகம்.

குரலை இறக்கிச் சொன்னேன். "அங்கிள், நான் இங்க இல்லேன்னா இந்த மேட்டர் யாருக்கும் தெரியாது. பேப்பரைக் கொடுங்க, நான் போயிடறேன்."

மிரட்டினேனா, கெஞ்சினேனா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை. அவர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்து ரெண்டு தடவை குலுக்கினார்.

"வண்டில ஏறு."

"இதுங்க?"

"இருக்கட்டும். நாளைக்கு நான் மறுபடி எங்கடா போய்ப் புடிக்கிறது?"

பர்மிட் இல்லாமல் அடைத்து வைக்கக் கூடாது. அதுவும் அந்த வெயிலில் மதியம் வரை தாங்காது. நாலு கதவையும் திறந்தேன். மூன்று பாய்ந்து போனது. நாலாவது, ஓட்ஸ் முடிகிறவரை உள்ளேயே உட்கார்ந்து தின்றது. நான் கூண்டைத் தட்டினேன், உதைத்தேன், தமிழில் கெட்ட வார்த்தை சொன்னேன். அங்கிள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை பஸ் ஏற்றிவிட்டார். டிராயரிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த அப்ரூவல் கவர் மடங்காமல் இருக்க, அதை அட்டையோடு சட்டைக்குள் வைத்து நியூ ஜெர்ஸி வரை நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன். வேலை கிடைத்தது. அங்கிள் எத்தனை பிடித்தார், பங்க் வந்ததா என்றெல்லாம் நான் கேட்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, போன மாதம், கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ண லாயரோடு உட்கார்ந்தேன். லாயர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். விசாவில் சொன்ன வேலையைத் தவிர வேறு ஏதாவது வேலை, எப்போதாவது, எங்காவது செய்திருக்கிறீர்களா? டெக்ஸாஸில் ஒரு ஃபைலின் அடியில் என் அழகான கையெழுத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் பார்க்கலாம்.

"இல்லை," என்றேன். லாயர் டிக் அடித்தார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.