என் முற்றத்தில் ஒரு வழுக்கைத் தலையர்: ட்ரோன் அனுபவம்

இன்று காலை எங்கள் வீட்டு முற்றத்தில், என் நாற்காலியில், முன்பின் தெரியாத ஒரு வழுக்கைத் தலையர் உட்கார்ந்திருந்தார்!

அவர் யார் என்று சொல்வதற்கு முன் ஒரு சின்ன விளக்கம்.

என் மச்சினன் அஜின் கல்யாண வீடியோ எடுக்கிறவன். புதிதாக ஒரு எஃப்பிவி ட்ரோன் வாங்கியிருக்கிறான். சாதாரண ட்ரோனை அண்ணாந்து பார்த்து ஓட்டுவோம். இதற்குக் கண்ணை முழுசாக மூடும் காகிள்ஸ் ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டால் ட்ரோன் பார்ப்பதுதான் நாம் பார்ப்பது. நாமே பறக்கிற மாதிரி!

நன்மை: பெட்ரோல் போடாமல் ஊரைச் சுற்றலாம்.

தீமை: பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாது. (குடும்பஸ்தர்கள் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கவும்.)

ஒரு மாதம் அவன் லேப்டாப்பில் ஸிமுலேட்டர் ஓட்டிப் பழகினேன். அந்தத் திமிரில் போன வாரம் ஒரு ஸ்டேட்டஸ் வைத்தேன்: "இனி தேங்காய் விளைந்ததா என்று பார்க்க ஆள் வேண்டாம். ட்ரோன் போதும்!"

எங்களுக்குத் தேங்காய் வெட்டும் வில்சன் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான்.

இன்று மூன்று மணிக்குக் கருங்கல் ஊரில் அஜினுக்கு ஒரு கல்யாண வரவேற்பு. முன்கூட்டியே மண்டபத்தைப் பார்க்கக் கிளம்பியவன், நான் கெஞ்சியதால் ட்ரோனை விட்டுவிட்டுப் போனான்.

"அத்தான், கண்ணாடி மாட்டினா பக்கத்தில ஒரு ஆளு கண்டிப்பா நிக்கணும், கேட்டியளா? இது போச்சுன்னா பெண்ணு மாப்பிள வரத எடுக்க எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

மனைவியைக் கூப்பிட்டேன். "ஜெபா, கொஞ்ச நேரம் பக்கத்தில வந்து நில்லு."

"எனக்கு வேற சோலி இல்லியா? அடுப்பில மீன்கறி கெடக்கு."

சரி, நாமென்ன சின்னப் பிள்ளையா? மாட்டினேன் காகிள்ஸை!

அடடா! முருங்கை தாண்டி, கூரை தாண்டி, தென்னை உயரத்துக்கு! உடம்பு நாற்காலியில், கண் மட்டும் மேலே. குலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்போது எங்கிருந்தோ ஒரு குரல். "உங்களத்தான்! எத்தன மட்டம் விளிக்கது?"

ஜெபா. எந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறாள்? காகிள்ஸைக் கழற்றினால் ட்ரோன் எங்கே போகுமோ தெரியாது. ஸ்டேட்டஸ் போட்ட அதே மூளை மறுபடி வேலை செய்தது. ட்ரோனை முற்றத்தின் பக்கம் திருப்பினால் போதுமே!

திருப்பினேன். ஜெபா தெரிந்தாள், கையில் கரண்டியோடு. அவளுக்கு முன்னால் நாற்காலியில்தான் அந்த வழுக்கைத் தலையர்.

யார் இவர், சொல்லாமல் கொள்ளாமல்? நம் நீலச் சட்டை மாதிரியே ஒரு சட்டை. கையில் ரிமோட். முகத்தில் காகிள்ஸ்.

ஐயோ!

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உச்சந்தலையும் அந்தக் கணக்கில்தான் சேரும் போல. வீட்டுக் கண்ணாடியில் முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் ஒரு தோசை ஊற்றுகிற அளவுக்கு வெட்டவெளி! சிரிக்காதீர்கள், உண்மையிலேயே நெஞ்சு கனத்துவிட்டது. கை தானாகத் தலையைத் தடவப் போனது.

அது ரிமோட்டில் இருக்க வேண்டிய கை.

என் மண்டையைப் பார்த்த ட்ரோன், தாறுமாறாகப் போய்த் தென்னையின் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. காகிள்ஸில் இப்போது ஒரே ஒரு கட்டெறும்பு. (நன்மை: படம் அவ்வளவு துல்லியம்! கால் கூட எண்ணலாம்.)

கொக்கி கட்டிய தோட்டிக் கம்பு எட்டவில்லை. ஏணி பாதி மரத்துக்குத்தான் வந்தது. மூன்று மணிக்கோ வரவேற்பு. வேறு வழியில்லாமல் வில்சனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஆரு, ட்ரோன்காரரா? என்ன என்னத்துக்கு மக்கா விளிச்ச? அத எடுக்க இன்னொரு ட்ரோன் விடப்படாதா?"

"லேய் வில்சா, அஜினுக்க பொழப்புடே. என்னப் பத்தி என்ன வேணும்னாலும் செல்லு, வந்து அத எடுத்துத் தா."

சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் இருந்த வேலையையும் போட்டுவிட்டு வந்தான். மரம் ஏறுகிற மெஷினைக் காலில் மாட்டினான். ட்ரோனைத் துண்டில் கட்டி இறக்கினான். போன கையோடு விளைந்த இரண்டு குலையையும் வெட்டிப் போட்டான்.

அதற்குள் அஜின் வந்துவிட்டான். உடைந்த ஒரு காற்றாடியை மாற்றினான். என் முகத்தைப் பார்க்காமலே மாற்றினான். அப்புறம் சோதித்துப் பார்க்க, காகிள்ஸை வில்சனுக்கு மாட்டிவிட்டு, தான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஓட்டினான். நல்லபடியாகப் பறந்தது.

"எப்படிடே இருக்கு?" என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி.

"இதுக்கா இம்புட்டு பாடு? இத நான் தெனமும் பாக்கேன். எனக்கு பேட்டரியும் தீராது."

ட்ரோன் என் பக்கம் திரும்பியது. வில்சன் காகிள்ஸை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"மக்கா, ஒனக்க உச்சி போன தேங்கா வெட்டுக்கு கண்டதவிட கொஞ்சம் கூடியிருக்கு, கேட்டியா."

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"ஆறு வருசமா மேல இருந்து பாக்கேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சுத்து கூடுது. செல்லியிருந்தா நீ வருத்தப்படுவ, அதான் செல்லல்ல."

ஜெபா திடீரென்று மீன்கறியைப் பார்க்க உள்ளே ஓடினாள். (அவளுக்கும் தெரியும்!)

அஜின் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்து படம் எடுத்துவிட்டான். எனக்கு இனி ட்ரோன் கிடையாதாம். ரிமோட்டின் பெட்டியைக் கூடக் கையோடு கொண்டுபோய்விட்டான்.

இத்தனை வருடம் என்னைப் பின்னாலிருந்து பார்த்தும் வாயைத் திறக்காத நட்புகள் எல்லாரும் கமெண்டில் வந்து தனித்தனியாக மன்னிப்புக் கேட்கவும்!

வில்சனுக்கு மட்டும் விலக்கு. அடுத்த வெட்டுக்கு அவன் வரவேண்டும். அன்றைக்கு நான் தொப்பி போட்டுக்கொள்வேன்.