பீச்சாங்கைச் சோறு

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவரைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு இவள் இதை எப்படி உரிப்பாள் என்று ஒருத்திக்காவது தோன்ற வேண்டுமே! ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, கட்டுப் போட்ட இடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "உசுரு இருக்குதே, அது போதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போதுமாம்! எனக்கு எது போதும் என்று சொல்ல இவர்கள் யார்? பழங்கள் அங்கேயே கிடந்து அழுகின. ஆயா வாரிக்கொண்டு போய்க் கொட்டினாள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கீழ்பென்னாத்தூரில் பிறந்து அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, டவுனுக்கு வெளியே இருந்த கடலை மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் மெஷின் பெல்ட் என் முந்தானையைப் பிடித்தது. விடுவிக்கப் போன வலது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. எனக்கு நினைவு வந்தபோது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வலது கையைச் சோத்தாங்கை என்போம். இடது கைக்குப் பெயர் பீச்சாங்கை. கொல்லைக்குப் போய்விட்டு வந்து கழுவுகிற கை. பெயரிலேயே வேலையை எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்தக் கையால் ஒருவருக்கு ஒரு வெற்றிலை நீட்டினால்கூட அடி விழும். சின்ன வயதில் நானும் வாங்கியிருக்கிறேன். இப்போது சோத்தாங்கை போய்விட்டது, பீச்சாங்கை மட்டும் மிச்சம். இது ஒருவருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

டாக்டருக்குத் தெற்கே ஏதோ ஊர். இளவயது. நான் எட்டாவது வரை படித்தவள் என்று நர்சம்மா சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்னம்மா? இடது கை நல்லாத்தானே இருக்கு. ஒரே மாசத்துல எழுதப் பழகிடலாம்" என்றார்.

"எழுதறதா சார் எனக்குக் கவலை?" என்றேன். "இருக்கிறது ஒரு கை. அதால கழுவறதா, துன்றதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டுப் போங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. பாவம், மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. நர்சம்மாவிடம் ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரை விரட்டியதில் எனக்கு ஒரு திருப்தி. அதற்குப் பிறகு நான் சோறு தின்னவில்லை.

வீம்பு என்றார்கள். இருக்கட்டும். தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆயா ஊட்ட வந்தாள், வாயை இறுக்கிக்கொண்டேன். நான் என்ன பச்சைக் குழந்தையா? ஸ்பூன் கொண்டுவந்தாள். "ஸ்பூனப் பிடிக்கறதும் அந்தக் கைதானே? எடுத்துட்டுப் போ!" என்று கத்தி அதைத் தட்டிவிட்டேன். பாலும் கஞ்சித் தண்ணியும்தான் உள்ளே போயின. புண் ஆறாமல் ஜுரம் வந்து வந்து போனது. சாப்பிடாவிட்டால் ஆறவே ஆறாது என்று டாக்டர் தள்ளி நின்றே சொன்னார். ஆறி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் போன கை சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. விரல்களை மடக்கி முஷ்டி பிடித்துக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல விடாமல் வலித்தது. இல்லாத கை வலிக்கிறது, இருக்கிற கை மரக்கட்டை மாதிரி யாருடையதோ போலப் பக்கத்தில் கிடக்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் என் வயதுக்காரி ஒருத்தி கிடந்தாள். புளியம்பழம் உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவள். இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. அவளோ எப்போதும் சிரித்த முகம்! ஊசி போட்டால் நன்றி, துணி மாற்றினால் நன்றி. "தீபத்துக்குள்ள எழுந்துடுவேன்க்கா. மலை சுத்தறதா வேண்டிக்கினு இருக்கேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று நர்சம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். நான் கத்துவதும் அவள் சிரிப்பதும் ஒரே வியாதிதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவள் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு எரிந்தது.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளை. அவனைக் கண்ணில் காட்டவே இல்லை. ஆஸ்பத்திரிக் காற்று ஆகாதாம். மார்பில் பால் கட்டிக் கல்லாகி, பிழிந்து பிழிந்து கீழே விட்டு, கடைசியில் அதுவும் வற்றிப்போனது. மாமியார் மட்டும் ஒரு நாள் கோயில் துன்னூறோடு வந்தாள். யோசிக்காமல் கையை நீட்டிவிட்டேன். அவள் பொட்டலத்தைச் சட்டென்று மூடிக்கொண்டாள். "ஐயய்ய, பீச்சாங்கையிலயா? இரு, நானே இட்டுடறேன்" என்று நெற்றியில் அப்பினாள். கண்ணில் விழுந்தது. துடைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். தூக்கியது இல்லாத கை. அவள் முன்னால் அழக்கூடாது என்று இருந்தவள், துன்னூறின் சாக்கில் அழுது தீர்த்தேன்.

ஒரு பௌர்ணமி அன்று பார்வையாளர் நேரத்தில் மாமியாரும் என் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆள் பெருத்திருந்தான். மாமியார் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான். அவள் கையில் ஒரு சின்னத் தூக்கு. அவனுக்குப் பருப்புச் சோறு.

எனக்குக் காது கேட்காது என்பதுபோல அவள் தன் மகனிடம் சொன்னாள்: "கட்டுப் பிரிச்சதும் இவள அவங்க அம்மா ஊட்ல கொண்டுபோய் உட்டுடு. கொஞ்ச நாள் இருக்கட்டும். புள்ள என்கிட்டயே வளரட்டும்."

"புள்ள எதுக்கு உங்ககிட்ட?" என்றேன்.

"பின்ன இன்னாடி? பீச்சாங்கையால அவனுக்கு சோறு ஊட்டுவியா? அந்தக் கையால துன்ன மாட்டேன்னு நீயே இத்தினி நாளா பட்டினி கெடக்குற. உனக்கே அருவருப்பா இருக்குதில்ல? என் பேரனுக்கு மட்டும் இனிக்குமா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் கத்திய கத்தலையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"ஏங்க, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

கொஞ்ச நாள்! எங்கள் தெருவில் கொஞ்ச நாளைக்கு என்று பிறந்த வீட்டுக்குப் போனவளை எனக்குத் தெரியும். அவள் திரும்பி வந்தபோது அவள் அடுப்பில் வேறொருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைகள் அந்த வேறொருத்தியை அம்மா என்று கூப்பிட்டன.

"அந்தத் தூக்க குடுங்க அத்தே" என்றேன்.

"எதுக்கு?"

"பசிக்குது."

அவள் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் என்ன நினைத்தாரோ, வாங்கி, மூடியைத் திறந்து என் மடியில் வைத்தார். நான் பீச்சாங்கையை உள்ளே விட்டேன். அந்த விரல்களுக்குச் சோறு சேர்க்கத் தெரியவில்லை. கட்டைவிரல் தள்ளவே மாட்டேன் என்றது. முதல் பிடி பாதி படுக்கையில் சிந்தியது. மீதியை வாயில் போட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினேன். அடுத்த பிடி. அதற்கு அடுத்த பிடி. புளியமரத்துக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆயா வாசலில் நின்றுவிட்டாள்.

"புள்ளய இங்க உக்கார வைங்க" என்றேன் அவரிடம்.

அவர் மாமியாரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவன் என்னைப் பார்த்தான். யாரோ என்று பார்த்தான். வீறிட்டு அழுதான். அந்தப் பார்வை பெல்ட் இழுத்ததைவிட மோசம்.

"பாத்தியா? புள்ளைக்கே புடிக்கல" என்றாள் மாமியார்.

சோற்றை நன்றாக நசுக்கி, அழுகைக்குத் திறந்திருந்த வாய்க்குள் விரலோடு வைத்தேன். அவன் படக்கென்று வாயை மூடிக் கடித்தான். புதுப் பல். "யம்மா!" என்று கத்திவிட்டேன். வலி தோள்பட்டை வரை ஏறியது. இத்தனை நாளில் இருக்கிற கை வலித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. விரலை நான் இழுக்கவில்லை. அவன் கடித்தபடியே என்னைப் பார்த்தான், பிறகு மென்றான், விழுங்கினான். கண்ணில் நீர் நிற்க, மறுபடி வாயைத் திறந்தான்.

மாமியார் அவனைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள்.

"கைய எடுங்க அத்தே" என்றேன். "அவன் இன்னும் துன்னு முடிக்கல."