மழையில் ஊதிய பிளாப்பிகள்

கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகள் மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சும்மா நம்பவில்லை. நூறு வாட்ஸ் பல்பைத் தாழத் தொங்கவிட்டு, அதன் கீழே கோப்புகளை நகலெடுத்து வைக்கும் பிளாப்பி டிஸ்குகளை அப்பளம் மாதிரி பரப்பிக் காயவைத்து நம்பினேன்.

என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் எங்கள் பக்கத்து ஆடி மழையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கேரள எல்லையை ஒட்டிய அமரவிளையில் ரோட்டோரம் அக்கா, கம்ப்யூட்டரில் கார்டு அடித்துக் கொடுக்கும் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தாள். மழை பிடித்துவிட்டால் அங்கே கதவு சட்டத்துக்குள் போகாது. பேப்பர் கட்டு கனக்கும். பிளாப்பிக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். இத்தனையும் ஊதும்போது கோப்பு மட்டும் எதற்கு மெலிந்து நிற்க வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆவணிக் கல்யாணங்களுக்கு ஆடியிலேயே கார்டு அடிக்க வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெருங்கடவிளை என்றால் பெண் எல்லை தாண்டி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கமாக இருக்கும். அதனால் ஒரு கல்யாணத்துக்கு மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு கார்டு. டைப் அடிப்பது, வந்தவர்களுக்கு மாதிரி காட்டுவது எல்லாம் அக்கா. கம்ப்யூட்டரின் உடல்நலம் என் பொறுப்பு. திருவனந்தபுரத்தில் ஆறு மாதம் கோர்ஸ் படித்தவன் என்பதால் அக்கா என்னை இஞ்சினியர் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வாள். நானும் மறுத்ததில்லை.

தினமும் சாயங்காலம் கோப்புகளுக்கு நகல், அதாவது பேக்கப் எடுப்பேன். எல்லாவற்றையும் எடுக்க மாட்டேன்; அன்றைக்கு மாறியதை மட்டும். வாசலில் பாத்திரம் வைத்த வீட்டுக்கு மட்டும் பால்காரர் பால் ஊற்றுவாரே, அந்தக் கணக்கு. ஒரு கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் அது பாத்திரத்தை வெளியே வைத்துவிடும். என் புரோகிராம் அதை மட்டும் பிளாப்பியில் எடுத்துக்கொண்டு, பாத்திரத்தை உள்ளே தள்ளிவிடும். ஒரு நாள் வேலை ஒரு பிளாப்பியில் அடங்கி மிச்சம் இடமும் கிடக்கும்.

ஆடி பிறந்ததும் அது ஒரு பிளாப்பியில் நிற்கவில்லை. அடுத்ததைப் போடு என்றது. போட்டேன். இன்னொன்று என்றது. ஒரு சாயங்காலம் பாதிப் பெட்டியைத் தின்றுவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது.

"அக்கா, இன்னைக்கு எத்தனை கார்டு அடிச்சே?"

"ரெண்டு."

"ரெண்டு கார்டுக்கு இத்தனை பிளாப்பியா?"

"என்னட்ட கேட்டா? நீயில்லா இஞ்சினியரு."

பல்பு வைத்தியம் அப்போதுதான் தொடங்கியது. மறுநாள் இரண்டு பிளாப்பி நெளிந்து போனது. பேக்கப் மட்டும் இளைக்கவில்லை.

பிறகு கொஞ்சம் படித்தவன் மாதிரி யோசித்தேன். பிளாப்பியில் வந்திருந்த பழைய கார்டுகளில் சிலதைத் திறந்து, முன்பு எடுத்து வைத்திருந்த பிரதியோடு வைத்துப் பார்த்தேன். ஆரியங்கோட்டுக் கல்யாணம், போன வருஷம் நடந்தது. பெண்ணுக்கு அதற்குள் குழந்தையும் பிறந்தாயிற்று. கார்டில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் நேற்று மாறியது என்று பாத்திரத்தை வாசலில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப்போலவே ஒரு கூட்டம். முடிந்துபோன கல்யாணங்கள் எல்லாம் ராவோடு ராவாக எழுந்து வந்து பாலுக்கு நிற்கின்றன.

கண்ணுக்குத் தெரியாமல் கோப்பைத் தொடுவது வைரஸ்தான். ரோட்டுக்குப் போய் ஒரு டீ குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். செக்போஸ்டில் நின்ற லாரிகளை எண்ண ஆரம்பித்து, எதற்கு எண்ணுகிறேன் என்று தெரியாமல் நிறுத்தினேன். வைரஸுக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஹார்ட் டிஸ்கை முழுதாக அழிப்பது. ஆடியில் எடுத்த பிளாப்பிகளிலும் அது ஏறியிருக்கும் என்பதால் அவற்றையும் நம்ப முடியாது. அந்த மாதத்துக் கார்டு மொத்தமும் போகும்.

மறுநாள் காலை அக்காவிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் அழிக்கணும்."

"எலே, பொழியூர்க்காரருக்க கார்டு உள்ளேயாக்கும் கெடக்கு. இன்னைக்கு மத்தியானம் நெய்யாற்றின்கரை பிரஸ்ஸுக்குப் போவணும். நாளைக்கு அவரு சொந்தக்காரங்களைக் கல்யாணத்துக்கு விளிக்கப் போறாரு."

"திரும்ப அடிச்சிரலாம்."

"அவருக்கு அந்தப் படகு படம் வரைய எனக்கு ரெண்டு நாளு ஆச்சு. நீ வரைவியா?"

நான் வரைந்தால் அது செருப்பு மாதிரி இருக்கும். மெஷின் முன்னால் உட்கார்ந்து அழிக்கும் கட்டளையை அடித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. எனக்கே நிச்சயமில்லை என்பதால் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து, குடையை உதறிக்கொண்டு பொழியூர்க்காரர் உள்ளே வந்தார். கடலுக்குப் போகிறவர். மூத்த மகளுக்குக் கல்யாணம். கூடவே அவர் மனைவி.

"என்ன மக்கா, ஆஸ்பத்திரியில இருக்கியது போல இருக்கே?"

"மெஷினுக்குச் சுகமில்லை அண்ணே. அழிக்கப் போறேன்."

"அழிக்கியதுக்கு முன்ன ஒருக்கா காட்டு. இவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு."

அவர் மனைவிக்குச் சந்தேகம் படகைப் பற்றி. படகு வேண்டாம், போன வருஷம் மேலவீட்டுப் பெண்ணுக்கு அடித்த மாதிரி புறா போதுமோ என்று.

"மோளே, அந்தக் கார்டுல எங்க பிள்ளைக்க பேரை வச்சு ஒருக்கா பாக்கட்டே. பேரு இருந்தாத்தானே லட்சணம் தெரியும்."

"அதுக்கென்ன," என்றாள் அக்கா. என்னைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டு உட்கார்ந்து, மெஷினின் கேள்விக்கு இல்லை என்று அழுத்தினாள்.

மேலவீட்டுக் கார்டைத் திறந்தாள். மேலவீட்டுப் பெண்ணின் பெயரை அழித்து இவர்கள் மகளின் பெயரை அடித்தாள். மூவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர்.

"புறாவுக்குக் கழுத்து நீளம்," என்றாள் மனைவி. "கொக்கு போல இருக்கு. வேற ஒண்ணு காட்டு."

அக்கா மேலவீட்டுப் பெண்ணின் பெயரை எழுத்துப் பிசகாமல் திரும்ப அடித்தாள். மூடப் போனாள். சேமிக்கவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அடுத்த கார்டைத் திறந்தாள். பெயரை மாற்றினாள். பார்த்தார்கள். பழைய பெயர். ஆம். அடுத்தது.

நான் குனிந்து திரையை உற்றுப் பார்த்தேன்.

"அக்கா, எல்லாருக்கும் இப்படித்தான் காட்டுவியா?"

"பின்ன? பேரை வச்சுப் பாக்காம ஆரு கார்டு பிடிப்பா?"

"சேமிக்க வேண்டாம்னு சொல்லி மூடினாப் போதுமே. தன்னாலே பழைய பேரு இருக்கும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்தவ மாப்பிள்ளைக்க பக்கத்துல நம்ம பிள்ளைக்க பேரை எழுதிட்டு, அப்படியே மூடிட்டு வரச் சொல்லியா? பழைய பொண்ணை அவ எடத்துல இருத்தி ஒறப்பிச்சிட்டில்லா வரணும்."

பொழியூர்க்காரர் மனைவி, "அது நேரு, உள்ளதுதான்," என்று தலையாட்டினாள்.

மெஷினில் வைரஸ் இல்லை. கோப்பு எதுவும் ஈரம் குடிக்கவில்லை. ஆடி முழுக்கக் கடைக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும் பழைய கார்டுகளில் தங்கள் பெண்ணின் பெயரை வைத்துப் பார்த்தார்கள். அக்கா ஒவ்வொன்றிலும் பழைய பெயரைத் திரும்ப அடித்துச் சேமித்தாள். என் புரோகிராம் அத்தனையையும் பிளாப்பியில் எடுத்தது. நான் எதையும் அழிக்கவில்லை. பொழியூர்க்காரர் படகு போட்ட கார்டையே மத்தியானம் நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார்.