முந்தானைக்குள் சைக்கிள் விலை

என் மாமா வாயால் விலை சொல்ல மாட்டார். அம்மாவுக்கு அண்ணன் அவர். தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தால் அதுதான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம். விரலின் நடு முட்டியை அமுக்கினால் ஐந்நூறு. விலை நாலு பேர் காதில் விழுந்தால் வியாபாரம் படியாது என்பது அவருடைய வேதம். மாட்டோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. பெரம்பலூர் ஜவுளிக்கடையில் வேட்டி எடுக்கப் போன இடத்தில் கல்லாக்காரர் கைமேல் துண்டைப் போட, மனிதர் பதறியடித்துக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

அந்த மாமாவைத்தான் எனக்குப் பழைய சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி அப்பா அனுப்பினார். எங்கள் ஊரில் எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு லப்பைக்குடிக்காடு போக வேண்டும். பள்ளிக்கூட நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. அரசாங்கம் தரும் இலவச சைக்கிளுக்குப் பதினொன்றாவது வரை காத்திருக்க வேண்டும். அதனால், பள்ளி திறப்பதற்குள் சைக்கிள் அமையாவிட்டால் மீன்சுருட்டி அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை நல்லவர்தான். ஆனால் கோழி கூவுவதற்கு முன்னால் எழுப்பிச் சாணி அள்ளச் சொல்வார், கண் கலங்கினால் சிரிப்பார். அம்மாவை விட்டு ஒரு நாளும் இருந்தறியாத எனக்கு, மீன்சுருட்டி என்ற பேரைக் கேட்டாலே சோறு இறங்காது.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் லேடீஸ் சைக்கிள் விலைக்கு இருப்பதாகவும், மூவாயிரம் கேட்பதாகவும் மாமாவுக்குத் தகவல் வந்தது. அப்பாவிடம் இருந்தது இரண்டாயிரம். அதற்கு மேல் ஒரு பைசாவுக்கும் வழியில்லை.

மாமாவோடு நானும் போனேன். நடையில் சைக்கிள் நின்றது, பழைய துப்பட்டி போர்த்தி. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டைத் தட்டினார், பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டார், மட்கார்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மாட்டுக்குப் பார்ப்பதுபோல் சுழி தேடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு வியாபாரம் பேச நிமிர்ந்தார். அப்போதுதான் வாசல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“வாங்கண்ணே. வூட்டுல ஆம்பளைங்க யாரும் இல்ல. அவங்க சபுருல இருக்காங்க, துபாய்ல. வெலைய எங்கிட்டயே பேசிக்கலாம்.”

மாமா விக்கித்துப் போனார். அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்க முடியுமா? வாயால் விலை சொல்வதோ அவரால் ஆகாது. வெறுங்கையோடு திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். மீன்சுருட்டிச் சாணி வாடை அங்கேயே எனக்கு அடிக்கத் தொடங்கிவிட்டது. நல்லவேளையாக மாமாவுக்கு ஒரு வழி தோன்றியது. என்னை ஓரமாக அழைத்துத் துண்டுக்குள் என் ஒற்றை விரலைப் பிடித்தார்.

“இத அப்படியே அந்தம்மா கையில கொண்டு போய்க் குடு. உள்ள போனா பேச்சுக் குடுப்பாங்க. சாப்பிட்டியாம்பாங்க, என்னா படிக்கிறேம்பாங்க. மயங்கிடாத. வாயத் தொறந்தீன்னா வெலை ஏறிடும்.”

விரல் கணக்கை மாமா திரைக்கு வெளியிலிருந்தே விளக்க, உள்ளே அந்த அம்மாள் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கேலி செய்யவில்லை. துண்டுக்குப் பதிலாக முந்தானையை என் கைமேல் போட்டுக்கொண்டார். நான் ஒரு விரலைப் பிடித்தேன். அவர் என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்.

“எம் பொண்ணு ஓட்டுனது புள்ள இது. நிக்காஹ் முடிஞ்சு அவளும் மாப்பிள்ளையோட போயிட்டா. சும்மா நின்னு துருப்புடிக்குது, குடுத்துடுன்னு அவங்க துபாய்லேர்ந்து போன்ல சொன்னாங்க.” கையை விடாமலே கேட்டார்: “சாப்பிட்டியா?”

மாமா சொன்னது அப்படியே நடக்கிறது! நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

வெளியே வந்து துண்டுக்குள் மாமாவின் மூன்று விரல்களைப் பிடித்துக் காட்டினேன். அவர் ஒன்றரை கொடுத்து அனுப்பினார். இந்த முறை அந்த அம்மாள், “தலைய யாரு பின்னி விட்டா, கோணலா இருக்கே?” என்று ஒரு கையால் என் ரிப்பனை இழுத்துச் சரிசெய்தார். மறு கை முந்தானைக்குள் இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் இரண்டரைக்கு இறங்கினார். மாமா ஒரேயடியாக இரண்டு கொடுத்தார். அதுதான் எங்கள் கடைசி என்று எனக்குத் தெரியும். முந்தானைக்குள் அந்த அம்மாளின் இரண்டு விரல்களைப் பிடித்தேன்.

“கை ஏன் இப்புடிச் சில்லுன்னு இருக்கு? மேடு பள்ளம் பார்த்து ஓட்டுவியா? லாரி வந்தா ஓரமா நிப்பியா?” என்று அடுக்கிக்கொண்டே போனார். பேரீச்சம்பழத் தட்டை முன்னால் நகர்த்தினார். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். கடைசியில் அவர் என் இரண்டு விரல்களைப் பிடித்தார். இரண்டேதான். முட்டி அமுக்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்று வெளியிலிருந்து மாமா கேட்டார்.

“முடிஞ்சுது மாமா!” என்று கத்தினேன். ஆனால் கையை உடனே உருவ முடியவில்லை. அவர் விட்ட பிறகுதான் ஓடினேன்.

அப்பாடா! மாமா மிதிக்க, கேரியரில் உட்கார்ந்து வந்த அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல? சோளக்கொல்லைகூட அன்றைக்கு அழகாக இருந்தது. அப்பா பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, “சரி, மீன்சுருட்டிக்கு வேணாம்னு சொல்லிடுவோம்” என்றார். நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மாவும் அழுதாள். சைக்கிள் வாங்கிய வீட்டில் எதற்கு இந்த ஒப்பாரி என்று மாமா அதட்டினார்.

சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா உள்ளே நடந்ததையெல்லாம் கேட்டாள். ரிப்பன் முதல் பேரீச்சம்பழம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். மாமாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “எம்புட்டுப் பேச்சுக் குடுத்திருக்கு பாரு! இவ அசையலையே! நம்ம வம்சமாச்சே” என்று முதுகில் தட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். விலை முடிந்த பிறகும் அந்த அம்மாள் எதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.