நாரியில் இல்லாத நோ

நோர்வே மொழியில் ‘இப்போது’ என்பதற்கு ‘நோ’ என்று சொல்வார்கள். இது தெரியாமல் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேற்பார்வையாளர் மணிக்கூட்டைக் காட்டி “நோ! நோ!” என்று சத்தம் போட்டபோது, நின்று நின்று எனக்குக் கால் நோகிறதென்று இந்த மனிதனுக்கு யார் சொன்னார்கள் என்று திகைத்து நின்றேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் நோ என்றால் வலி. அங்கேயோ வங்கியில், பேருந்தில், வானொலியில் எல்லாரும் நாள் முழுக்க நோ, நோ என்றார்கள். இவ்வளவு வசதியான நாட்டில் இத்தனை பேருக்கு என்ன வருத்தமோ என்று எனக்குள்ளே சிரித்துக்கொள்வேன்.

என்னுடைய நோ பகிடி இல்லை. குளிர் மண்டபத்தில் நின்ற நிலையில் ஆண்டுக்கணக்காக மீன் வெட்டியதில் இடுப்பின் பின்பக்கம், நாங்கள் நாரி என்கிற இடம், இறுகிப்போய்விட்டது. குனிந்தால் நிமிர ஏலாது, நிமிர்ந்தால் இருக்க ஏலாது. விழுங்கிய குளிசைகள் நோவை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தன. கடைசியில் வைத்தியர் நகரசபை மண்டபத்து யோகா வகுப்புக்குப் போகச் சொன்னார். எனக்கு ஏறியது கோபம். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வெள்ளைக்காரி யோகா படிப்பிப்பதா? “கொல்லன் தெருவிலை ஊசி விக்கிறாங்கள்” என்று கணவரிடம் புறுபுறுத்தேன். “நீர் எப்பவப்பா ஊசி செய்தனீர்?” என்றார் அவர். அந்த மனிதர் வருடத்துக்கு ஒருமுறைதான் சரியாகக் கதைப்பார், அன்று பார்த்துக் கதைத்துவிட்டார்.

படிப்பித்தவள் பெயர் பெரித். மெல்லிய குரல், ஆனால் கை இரும்பு. மல்லாந்து படுத்து முழங்கால்களை ஒருபக்கம் சாய்த்தபோது, அவள் வந்து என் தோளை நிலத்தோடு அழுத்தினாள். உயிர் போய் வந்தது. “நோ! நோ!” என்று கத்தினேன். “யா, நோ!” என்று முகம் மலர இன்னும் அழுத்தினாள். நான் கத்தக் கத்த அவளுக்கு உற்சாகம் கூடியது. ‘இப்போது, இப்போது’ என்று இந்தக் கிழக்குத் தேசத்துப் பெண் நிகழ்காலத்தில் அப்படியே கரைந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாளாம். வகுப்பு முடிய, தெரிந்த நோர்வேச் சொற்களையெல்லாம் பொறுக்கி விளக்கினேன். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு இருவருமாக வயிறு நோகச் சிரித்தோம்.

விடாமல் போனேன். மூச்சு இழுக்கும்போது எங்கே இறுக்கம், விடும்போது எங்கே தளர்வு என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒரு குளிர்காலக் காலையில் என் சப்பாத்து நாடாவை நானே குனிந்து கட்டினேன். அதுவரை கணவர்தான் கட்டிவிடுவார். வாசலில் இருந்து குழந்தைபோல அழுதேன். அவரும் பக்கத்தில் நின்று, கட்டுவதற்கு இனிக் கால் இல்லையே என்பதுபோலத் தன் கைகளைப் பார்த்தார்.

ஊரில், யாழ்ப்பாணத்துப் புத்தூரில், அக்கா தனியே இருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை. எங்கள் வெங்காயத் தோட்டத்தையும் வீட்டையும் ஒரு ஆளாகக் காத்தவள். ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் “எப்பயடி வாறாய்?” என்பாள். “நாரி நோ மாறட்டும் அக்கா, வந்து உன்னோடையே இருக்கிறன்” என்பேன். நோ எனக்கு எதிரியாகவும் இருந்தது, போகாமல் இருக்கச் சாட்டாகவும் இருந்தது. இப்போது ஓய்வூதியமும் வந்துவிட்டது, நாரியும் சுகம். கணவர், “முதல் நீர் போய் இருந்து பாரும், பிறகு நான் வாறன்” என்று அனுப்பிவைத்தார்.

வந்தேன். காலையில் விறாந்தையில் பாயை விரித்து ஆசனங்கள் செய்கிறேன், உடம்பு சொன்னபடி கேட்கிறது. மனம்தான் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. வாசல் படலைக்கும் கிணற்றுக்குமாக நடக்கிறேன். கைபேசியை எடுத்து அங்கே படிக்கட்டில் பனி எவ்வளவு என்று பார்க்கிறேன். அங்கே இருந்தபோது வெங்காயத்துக்கு மழை கூடிவிட்டதோ என்று இந்த ஊர் வானிலையைப் பார்த்தவள் நான். எந்த ஊரில் நின்றாலும் மற்ற ஊர் மழை நனைக்கிறது.

போன கிழமை மீன்காரரிடம் அக்கா பெருமையாகச் சொன்னாள்: “தங்கச்சி இனிப் போகாள். இனிமேல் ரெண்டு பேருக்குக் காணுற அளவு மீன் தாங்கோ.” எனக்குத் திக்கென்றது. யோசிக்க முன்னம் கை நாரிக்குப் போய்விட்டது. “திரும்ப நோகுதக்கா” என்றேன்.

உடனே நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து என்னைக் குப்புறப் படுக்கவைத்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். நாரி முழுக்கத் தடவிப்போட்டு எண்ணெய்க் கையைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“உனக்கு உடம்பிலை நோ இல்லையடி.”

நான் நிமிரவில்லை.

“சரி, எழும்பு. எனக்குத்தான் முழங்கால் உளையுது. உந்த மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தா. நீ போனாப் பிறகு ஆரிட்டைக் கேக்கிறது?”

பாயில் அவளைப் படுக்கவைத்து நானும் பக்கத்தில் சரிந்தேன். ஒருவருக்கான பாய். என் ஒரு தோள் நோர்வேயில் வாங்கிய ரப்பரிலும் மற்றத் தோள் எங்கள் வீட்டுச் சீமெந்திலுமாகக் கிடந்தது.

“மூச்சை நல்லா இழு அக்கா.”

இழுத்தாள்.

“இப்ப விடு.”

விடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடக்கி வைத்திருந்தாள். கண் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

“விடு அக்கா. விடு.”

நெஞ்சு மெல்லத் தாழ்ந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“நான் விட்டிட்டன். நீதான் இன்னும் விடேல்லை.”

அப்போதுதான் கவனித்தேன், அவளுக்காக இழுத்த மூச்சு இன்னமும் என் நெஞ்சுக்குள் நின்றது.