விரிசலுக்குப் பக்கத்தில்

அப்பாவின் வாடகைக் காரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை அதை பாய் சரிசெய்து கொடுத்தார். செங்கம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த அவரைத் தவிர வேறு யாரும் எங்கள் வண்டியில் கை வைத்ததில்லை. முன்சக்கரங்களை இருபுறமும் பிடித்துக்கொண்டு என்ஜினையும் சுமக்கும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி வெல்டிங் வைத்தார். கொஞ்ச நாளிலேயே சத்தம் திரும்பி வந்துவிட்டது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். வகுப்பில் ஒரே பெண். இந்த இரண்டையும் நான் யாரையும் மறக்கவிட்டதில்லை. விடுமுறைக்கு வந்த அன்றே டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்துப் பார்த்தால், பாய் வைத்த வெல்டிங் ஒழுங்காக, வரிசையாக இருந்தது. விரிசல்தான் அதற்கடியில் இல்லை. ஒரு விரல் தள்ளி, தன்பாட்டுக்கு நீண்டுகொண்டிருந்தது. சட்டம் மாட்டும் இடங்களில் அதிர்ச்சி தாங்கும் புஷ்களின் ரப்பரும் நைந்து போயிருந்தது.

வெளியே வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பாய் சமீபமாக ஸ்பேனரைக் கையால் துழாவித்தான் எடுக்கிறார் என்று பிறகு சொன்னார். டீ கிளாஸை மேசை விளிம்புக்கு வெளியே வைத்ததையும் பார்த்தாராம்.

"பாய்க்குத் தெரிய வேணாம். மனசு ஒடிஞ்சிடும். நீயே மாத்திடுவியா?" என்றார்.

அதில் என் காதில் விழுந்தது கடைசிக் கேள்வி மட்டும்தான்.

அப்பா சென்னை போய், பழைய சாமான் கடைகளில் தேடி, நல்லதாக ஒரு கிராஸ் மெம்பரை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டின் பின்புறம் வண்டியை நிறுத்தினோம். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடாதபடி தார்ப்பாயை இழுத்துக் கட்டியவள் நான். வண்டியைக் கட்டைகள் மேல் ஏற்றிவிட்டு, இரண்டு மட்கார்டுக்கும் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைப் போட்டு, என்ஜினைச் சங்கிலியால் அதில் தொங்கவிட்டோம். துரு ஏறிய போல்ட்டுகள் அசைவேனா என்றன. பழைய புஷ்களைப் பைப் துண்டு வைத்து வைஸ் பிடியில் நெருக்கித் தள்ளினேன். புதியவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினேன். எதை முதலில் கழற்ற வேண்டும் என்று அப்பா என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

வண்டி ரோட்டில் தென்படாத காரணத்தை பாய் விசாரித்திருக்கிறார். அப்பா தனக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரு ஆட்டோக்காரர் வந்து, பாய் கொடுத்தது என்று பன்னும் ரஸ்க்கும் வைத்துவிட்டுப் போனார். அப்பா தொடவில்லை. எனக்குப் பசி. கிரீஸ் கையோடு ஒரு பன்னைத் தின்றேன். இரண்டாவதை எடுக்க முடியவில்லை.

வேலை முடிந்து முதல் தடவை ஆசிரமத்துப் பக்கம் போனபோது நானும் முன்சீட்டில் இருந்தேன். பட்டறை வாசலில் பாய் கை காட்டி நிறுத்தினார்.

"இன்னா டிரைவரே, ஜுரம் உனக்கா வண்டிக்கா? சத்தத்தையே காணோம்."

"தானா அடங்கிடுச்சு பாய்."

அவர் குனிந்து அடியில் கைவிட்டுத் துழாவினார். விரல்கள் வெல்டிங் இல்லாத சட்டத்தைத் தடவிக்கொண்டு போய்ப் புது ரப்பரில் நின்றன. நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று யாரையோ மெச்சினார். பிறகு, "வண்டிய தூக்கி வச்சே டைட் பண்ணியிருப்பான். ரப்பர் முறுக்கிக்கினு சீக்கிரமே பிஞ்சிடும்" என்றார்.

"இல்ல மாமா, கீழ இறக்கி வெயிட்டு உக்காந்தப்புறம்தான் டைட் வச்சேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நீயா?" பாய் நிஜமாகவே சிரித்தார். "அப்ப நான் கடைய சாத்திட வேண்டிதான்." சிரித்து முடித்ததும் பழைய கிராஸ் மெம்பர் எங்கே என்று கேட்டார். காயலாங்கடையில் போட்டுவிட்டதாக அப்பா சொன்னார். காயலாங்கடை பாயின் பட்டறைக்குப் பக்கத்துக் கடை; போட்டிருந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கொடுத்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், தார்ப்பாயை விலக்கி உட்கார்ந்தார். அங்கே கிடந்த பழைய கிராஸ் மெம்பருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டைவிரலை ஓட்டினார். வெல்டிங்கைத் தாண்டியதும் நகம் விரிசலில் மாட்டியது.

"பக்கத்துல போட்டிருக்கேன்" என்றார்.

அவர் சங்கடப்படுவாரே என்றுதான் மறைத்ததாக அப்பா மெல்லச் சொன்னார்.

"என் சங்கடம் கெடக்கட்டும். இதுக்கப்புறம் எத்தினி வண்டிக்கு வச்சிருப்பேன்? எல்லாம் ஆளுங்கள ஏத்திக்கினு மலைய சுத்தற வண்டி. அன்னிக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல."

ஓடும் வண்டியில் அந்தச் சட்டம் உடைந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் நான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். பாயின் பட்டறையில் வேறு வண்டிகளும் நிற்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. என் கையில் ஒரு வண்டி கிடைத்திருந்தது, அது போதுமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களிலும் அவர் வெல்டிங் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"நாளைக்கு என்கூட வா" என்றார் என்னைப் பார்த்து. "எது எதுன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. உன் கண்ணால பாத்துச் சொல்லு. எனக்காக மழுப்பக் கூடாது."

காலையில் முதலில் பார்த்தது ஒரு லாட்ஜின் கார். வெல்டிங் சரியாக விரிசல் மேலேயே இருந்தது. அடியிலிருந்தே கத்திச் சொன்னேன். அடுத்தது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன். சொந்தக்காரர், பாய் வைத்தால் இரும்பே போனாலும் வெல்டிங் போகாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடியில் போய்த் துடைத்தேன். அழகான வரிசை. அதற்குப் பக்கத்தில், முடி போல ஒரு கோடு.

"இன்னாம்மா?" என்றார் பாய். படுத்திருந்த எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அருகிலேயே வேன்காரரின் கால்களும்.

"தள்ளியிருக்கு மாமா" என்றேன், இரண்டு பேருக்கும் கேட்கும்படி.

பாயின் கால்கள் அசையவில்லை. "வண்டிய எடுக்காத" என்று அவர் வேன்காரரிடம் சொல்வது கேட்டது.