சாம்பல் கோட்டுக்காரனை நம்பி நெய்யாற்றின்கரைக்குப் போனேன்

போன ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. என் தங்கை மேரியின் மகள் ஜெஸிக்குப் பாறசாலைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. குமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டார் ஒருவர் பையனுடைய ஊருக்குப் போய், யாரென்று சொல்லாமல், டீக்கடையிலும் சபையிலும் விசாரித்து வரவேண்டும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதற்கு 'அன்வேஷணம்' என்றுதான் பெயர். அதற்கு எங்கள் குடும்பத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் அந்த மாதம்தான் நான் ஒரு வெளிநாட்டுத் துப்பறியும் தொடரை முழுசாகப் பார்த்து முடித்திருந்தேன், இரண்டு தடவை.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரம், எந்நேரமும் மழை. சாம்பல் நிற நீளக் கோட்டு போட்ட ஒரு அதிகாரி. அவன் கார்க் கதவைச் சாத்துகிற அழகுக்கே பரிசு கொடுக்கலாம். அதிகம் பேசமாட்டான். ஒரு கேள்வி கேட்பான், பிறகு காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். எதிரில் இருக்கிறவன் தானாக எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என்றாலும் கொலையாளி யாரென்று மூன்றாவது பாகத்திலேயே சொல்லிவிட்டேன். வீட்டில் சாட்சி உண்டு.

ஆகவே மச்சானின் சாம்பல் நிற மழைக்கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மார்த்தாண்டத்தில் காலை 7.40 பஸ். களியக்காவிளை ஒன்பது கிலோமீட்டர், 8.10க்கு இறக்கிவிட்டார்கள். எல்லையைக் கால்நடையாகக் கடந்தேன். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் காலத்தில் என் அப்பா இதே ரோட்டில் ஆயிரம் பேருக்கு முன்னால் கோஷம் போட்டுப் போனவர். அப்போது அவருக்கு நாலு வயசுதான் என்று சித்தப்பா சொல்வார், அவர் பொறாமைக்காரர். அங்கிருந்து பாறசாலைக்கு ஆட்டோ, நாலு கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

மாப்பிள்ளையின் ஊர் முக்கில் ஒரு போர்டு. கல்யாணம் முடக்குகிறவர்கள் கண்ணில் பட்டால் கால் இருக்காது என்று மலையாளத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கீழே 'ஊர் இளைஞர்கள்' என்று கையெழுத்து. அதைக் கவனிக்காதவன்போல டீக்கடையில் உட்கார்ந்து, கோட்டுக்காரனைப் போலவே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

"அண்ணன் மார்த்தாண்டத்திலேந்து வாறதாக்கும்," என்றார் கடைக்காரர். "ஜெஸிப் பிள்ளைக்க மாமன்."

கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளைக்க அம்மை நேத்தே சொல்லிச்சு. ஒரு மாமன் வருவாரு, வாய் கொஞ்சம் நீளம், டீக்குக் காசு வாங்கண்டாம்னு."

பக்கத்து பெஞ்சுக்காரர் சிரித்தார். "எலே, கோட்டப் பத்தி ஒண்ணும் சொல்லேலியே அவ!"

நம் ஊரில் துப்பறிவாளன் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வெளிநாட்டு நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலே மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். இங்கே நான் வருவதே முந்தின நாள் தெரிந்திருக்கிறது. பையனைப் பற்றி மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் "பயல் தங்கமாக்கும்" என்றார்கள். எல்லாச் சாட்சியும் ஒரே வார்த்தையைச் சொன்னால் கோட்டுக்காரன் உடனே எழுந்து ஆவணங்களைத் தேடிப் போவான். பையனுக்கு நெய்யாற்றின்கரையில் ஐந்து சென்ட் பூமி உண்டு என்று தரகர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்துவிடலாமென்று பஸ் ஏறினேன். பத்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்தேகாலுக்குத் திறந்தது. வரிசையில் நிற்கும்போது சுவரிலிருந்த நோட்டீஸ் போர்டைச் சும்மா பார்த்தேன். பதிவுத் திருமணம் செய்ய மனு கொடுத்தவர்களின் படங்களை முப்பது நாள் அங்கே ஒட்டி வைப்பார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸி.

என் மடியில் வளர்ந்த பிள்ளை. பக்கத்தில் ஒரு மெலிந்த பையன். அனில், எலெக்ட்ரீஷியன், ஊர் திருப்புறம். ஒட்டிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தொடரில் பதினாலு பிணம் வரும்; ஒன்றுக்குக்கூட எனக்கு இப்படி நெஞ்சு அடைத்ததில்லை.

வராந்தாவில் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிற பெரியவர் ஒருவர் பேனாவை நீட்டினார். "ஆட்சேபம் எழுதணுமா? அப்பனா?"

"மாமன்."

"மாமன்மாருதான் அதிகமும் வாறது," என்றார்.

பேனாவை வாங்கவில்லை. ஜெஸி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் அங்கிருந்து பத்து நிமிஷ நடை. அவள் நெய்யாற்றின்கரையில்தான் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போய், "மக்கா, அந்த நோட்டீஸ்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன். நாலு நிமிஷம், என் கைக்கடிகாரத்தில். அதற்கு முன்னால் தூங்கும்போது மட்டும்தான் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

"பையனுக்க ஊரில கேக்கியீங்க, சபையில கேக்கியீங்க, ஆபீஸிலயும் போய்க் கேக்கியீங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஞாயிறுதோறும் வீட்டுக்கு வாற எங்கிட்ட ஒருத்தர் கேட்டீங்களா, மாமா?"

கோட்டைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"இனி பதினோரு நாள். அம்மை அறிஞ்சா இண்ணைக்கே என்னைக் கொண்டுபோய் வீட்டில அடைச்சிடுவா. பதினோரு நாள் நீங்க வாயத் திறக்காம இருப்பீங்களா?"

"அந்தப் பையன் எப்படி?"

"உங்களப் போலப் பேசமாட்டான்."

"அது போதும்," என்றேன்.

ஆனால் பாறசாலைப் பையன் என்ன பாவம் செய்தான்? மதியம் 2.30க்குத் திரும்பி அவன் வீட்டுக்கே போனேன். குற்றம் உங்கள் பையனிடம் இல்லை, எங்கள் பிள்ளைக்கு மனசில்லை என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். யார் கேட்டாலும் மாமன் வாயால் முறிந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "முகத்துக்கு நேரா வந்து சொன்னீரே. சாயா குடிச்சிட்டுப் போவும்," என்றார்.

அன்று மாலை 6.10க்கு மேரிக்கு போன் செய்தேன். "நான் அங்க கொஞ்சம் வாய் விட்டுட்டேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க." எதற்கு, ஏன் என்று கேட்பாளென்று பஸ்ஸிலேயே முக்கால் மணி நேரக் கதை ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. "நான் அப்பமே நெனச்சேன்" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை மூன்றாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனில் குடை வேண்டும், கோட்டு வேண்டாம், புழுங்கும். களியக்காவிளையில் இறங்கினால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அடிக்கடி பஸ் உண்டு. ஆபீஸ் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அன்வேஷணத்துக்குத்தான் போகிறீர்களென்றால், பஸ் ஏறும் முன்னால் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டு நாலு நிமிஷம் சும்மா இருங்கள்.

மேரி இப்போது மகள் வீட்டுக்குப் போய்வருகிறாள். அனில் அவளுக்கு மிக்ஸி சரிசெய்து கொடுத்தானாம். என்னோடு மட்டும் இன்னும் பேச்சில்லை. கல்யாணத்தை மறைத்ததைக்கூட அவள் மன்னித்துவிட்டாளாம். ஜெஸியிடம் அவள் சொன்னது வேறு: "முப்பது வருஷமா எங்க வீட்டுக் காரியத்த ஊரெல்லாம் சொன்ன மனுஷன். அவரால வாயப் பொத்தவும் முடியும்னு இப்பமல்லியா தெரியுது!"